ஏஜெண்டு கற்க வேண்டிய பாடம்

வெளிமாநிலத்தில் குடியேறி வாழ்கின்ற தமிழ்க் குடும்பத்தின் கதவை ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டுவோருள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்குத் தனி இடம் உண்டு. வாரம் முழுவதும் பால்காரரோடும் வீட்டுக்காரரோடும் அயல்மொழியில் அரைகுறையாகப் பேசிச் சலித்த வீட்டிற்குள், தமிழ் பேசிக்கொண்டே ஒருவர் வருகிறார். ஊர் விசாரிக்கப்படுகிறது. திருநெல்வேலி என்றோ தஞ்சாவூர் என்றோ விடை வந்துவிட்டால் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைக்கப்படுகிறது. சிறிது நேரத்தில் படிவமும் விரிக்கப்படுகிறது. அது ஆங்கிலத்தில் இருக்கிறது. "கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றவற்றை நான் நிரப்பிக்கொள்கிறேன்" என்கிறார் வந்தவர். நாமும் போடுகிறோம். மாதுங்காவிலும் கரோல் பாகிலும் பல்லாண்டுகளாகப் பழகிப்போன காட்சி இது.

நம்மவரை நம்புவதில் தவறில்லை. அந்நிய மண்ணில் அந்த நம்பிக்கையை ஊன்றுகோலாகக் கொண்டே நம்மில் பலர் நிலைபெற்றோம். ஆயினும், வைத்தியர் எங்கே படித்தார் என்று கேட்கிறோம். குழந்தைக்குப் பாடம் சொல்ல வருபவரின் தகுதியை விசாரிக்கிறோம். இருபதாண்டுச் சேமிப்பை எவர் சொற்படி கட்டுகிறோமோ அவர் தம் தொழிலை எங்கே கற்றார், கடைசியாக எப்போது கற்றார் என்று கேட்பதில்லை. ஏஜெண்டின் படிப்பு கம்பெனியின் கவலை என்று ஒதுக்கிவிடுகிறோம். அவர் படிக்காமல் விட்ட பாடத்துக்கு அபராதம் செலுத்துவது பெரும்பாலும் நாமே என்பதற்கு நமது உச்சநீதிமன்றத்தின் தீர்ப்புகளே சான்று.

2019 ஏப்ரலில் அந்நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒருவர் 10 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் செய்துகொண்டார். சில மாதங்களில் இறந்தார். அதற்குச் சற்று முன்பு வேறொரு கம்பெனியில் 11 லட்சத்துக்கு அவர் பாலிசி எடுத்திருந்தார். வேறு பாலிசிகள் உண்டா என்ற கேள்விக்குப் படிவத்தில் உண்மையான விடை இல்லை. மனைவி தொகையைக் கேட்டபோது கம்பெனி மறுத்துவிட்டது. படிவத்தை நிரப்பியவர் ஏஜெண்டே, அதில் இருந்ததை அறியாமலே கணவர் கையொப்பமிட்டார் என்று வாதம் எழுந்தது. உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கையொப்பமிட்டவர் தம் கையொப்பத்தின் விளைவிலிருந்து தப்ப இயலாது என்பதே முடிவாயிற்று. வேறு பாலிசி உண்டா என்பது அற்பக் கேள்வி போலத் தோன்றும். ஒரு மனிதரின் உயிருக்கு மொத்தம் எவ்வளவு பொறுப்பு ஏற்பது என்று கம்பெனி கணிப்பதற்கு அது அடிப்படை. பாடத்தை ஒழுங்காகப் படித்த ஏஜெண்டு இதை அறிவார். அறிந்தவர் நேர்மையாளராகவும் இருந்தால் அந்த இடத்தில் பேனாவை நிறுத்திக் கேட்டிருப்பார்.

இதற்கு முந்தைய 1997-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னும் வருந்தத்தக்கது. தலைக்கு 25,000 ரூபாய் வீதம் நான்கு பாலிசிகள் வைத்திருந்த ஒருவர், பிரீமியத்துக்கான தவணையும் சலுகைக்காலமும் கடந்தபின், 1987 ஜூன் 4-ஆம் தேதி ஏஜெண்டின் கையில் செக் ஒன்றைக் கொடுத்தார். மறுநாளே அது பணமாக்கப்பட்டது. பணம் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனில் கட்டப்பட்டதோ ஆகஸ்டு 10-ஆம் தேதி. அதற்கு முந்தைய நாள், ஆகஸ்டு 9-ஆம் தேதி, பாலிசிதாரர் விபத்தில் இறந்துவிட்டார். பிரீமியம் வாங்கும் அதிகாரம் ஏஜெண்டுக்கு விதிப்படி இல்லை, ஆகவே அவரிடம் கொடுத்தது கார்ப்பொரேஷனிடம் கொடுத்ததாகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு மாதங்களுக்கு மேல் ஒருவர் பையில் கிடந்த பணம், ஒரு நாள் பிந்தி, ஒரு குடும்பத்தின் உரிமையைக் கொண்டுபோயிற்று. தாம் எதை வாங்கலாம், எதை வாங்கலாகாது என்பது ஏஜெண்டின் முதற்பாடம். அதைத் தம்மை நம்பியவரிடம் சொல்வது அவருடைய முதல் நேர்மை.

நிற்க. அந்தப் பாடத்தைக் கற்பிக்க நம் நாட்டில் என்ன ஏற்பாடு இருந்தது, இன்று என்ன இருக்கிறது என்பதைச் சற்று விரித்துக் கூறுவோம்.

1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டம் ஏஜெண்டுகளுக்கு உரிமம் வேண்டும் என்றது. ஆனால் உரிமம் பெறுவது ஒன்று, கற்பது மற்றொன்று. அக்காலத்துக் கம்பெனிகள் பலவற்றின் முறைகேடுகள், 1956 ஜனவரியில் நிதியமைச்சர் ஸி. டி. தேஷ்முக் ஆயுள் இன்ஷூரன்ஸை அரசுடைமையாக்குவதற்கு ஒரு காரணமாயின. 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாகி அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி கார்ப்பொரேஷன் பிறந்தது. ஒழுக்கப் பயிற்சி ஏஜெண்டுக்கு மட்டுந்தானா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கார்ப்பொரேஷன் பிறந்து ஓராண்டு ஆகுமுன்பே, அதன் பணத்தைக் கொண்டு முந்த்ராவின் கம்பெனிப் பங்குகள் வாங்கப்பட்ட விவகாரம் எழுந்தது. நீதிபதி சாக்ளா அதைப் பகிரங்கமாக விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நமது டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியைத் துறந்தார். மேலிடத்தில் நிகழ்ந்தது பாராளுமன்றம் வரை வந்தது. வீட்டுத் திண்ணையில் நிகழ்வது எங்கும் வருவதில்லை. ஆகையால் திண்ணையைப் பற்றியே பேசுவோம்.

தொழிலைப் பாடமாகக் கற்பிக்கும் முயற்சி அக்காலத்திலேயே தொடங்கியது உண்மை. 1955-இல் பம்பாயில் தோன்றிய அமைப்பே இன்றைய இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியா. லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோஷிப் என்று மூன்று படிகளாக அதன் தேர்வுகள் அமைந்துள்ளன. 1980-இல் புனேயில் தேசிய இன்ஷூரன்ஸ் அகாடெமி வந்தது. எனினும் இவற்றில் ஏறியவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள். வீடு வீடாகச் செல்லும் ஏஜெண்டை எவரும் வகுப்பில் உட்கார வைக்கவில்லை.

அந்நிலை 2000-இல் மாறியது. தனியார் கம்பெனிகள் மீண்டும் வரவிருந்த வேளையில், அவற்றைக் கண்காணிக்க அமைக்கப்பட்ட இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஏஜெண்டுகளுக்கான விதிகளை வெளியிட்டது. புதிய ஏஜெண்டு 100 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும். ஆயுளும் பொதுவும் இரண்டையும் விற்பவராயின் 150 மணி. அதன்பின் தேர்வு. உரிமம் மூன்றாண்டுகளுக்கே செல்லும். புதுப்பிக்க வேண்டுமாயின் மறுபடியும் 25 மணி நேரம் படித்தாக வேண்டும். அத்துடன் ஏஜெண்டுக்கு ஓர் ஒழுக்கவிதியும் வகுக்கப்பட்டது. நம் நாட்டில் ஏஜெண்டின் தொடர்கல்விக்குக் கணக்கிட்ட மணிநேரம் விதித்தது இதுவே. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இரண்டாண்டுக்கு 24 மணி நேரம் படிக்க வேண்டும் என்றும், அதில் 3 மணி நேரம் நேர்மையைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்றும் தனியே எண்ணி வைத்திருக்கிறார்கள். நேர்மையை மணிக்கணக்கில் கற்பிக்க முடியுமா என்று நகைப்போர் உண்டு. நேர்மை வேண்டுமானால் பிறவியோடு வரட்டும். எது முறைகேடு என்ற அறிவு படித்தே வர வேண்டும்.

பின்னர் நடந்தது நமக்கு மகிழ்ச்சி தருவதன்று. 2007-இல் நூறு மணி ஐம்பதாகக் குறைந்தது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளும், ஆணையம் உரிமம் வழங்கும் முறையையே விலக்கிவிட்டு, ஏஜெண்டை நியமிக்கும் பொறுப்பைக் கம்பெனியிடம் ஒப்படைத்தன. தேர்வு நிலைத்தது, பத்தாம் வகுப்புத் தேறியவர் அதை எழுதலாம். ஆனால் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் என்பதே இல்லாமற் போனபின், அதனோடு பிணைந்திருந்த 25 மணி நேரப் பாடமும் பழைய வடிவில் நிற்கவில்லை. புரோக்கர்களுக்கு 2018-இல் வகுத்த விதிகளில் அவ்வகைத் தொடர்பயிற்சி இடம்பெற்றது; கோடிக்கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்களோடு பேசுபவருக்கு வேண்டிய பாடம், நம் வீட்டுக்கு வருபவருக்கு வேண்டாமா?

சட்டம் இதற்கு ஈடாக ஒன்று செய்தது. ஏஜெண்டின் செயலுக்கும் தவறுக்கும், ஒழுக்கவிதி மீறலுக்கும், அவரை நியமித்த கம்பெனியே பொறுப்பு. ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்த அச்சம் கம்பெனிகளைத் தம் ஏஜெண்டுகளுக்குப் பாடம் நடத்தத் தூண்டும் என்பது எண்ணம். தூண்டுகிறது என்பதும் ஓரளவு உண்மையே. ஆயினும் கம்பெனி நடத்தும் வகுப்பில் புதிய பாலிசியை எப்படி விற்பது என்பதற்கு ஒதுக்கும் நேரமும், எப்போது விற்கக் கூடாது என்பதற்கு ஒதுக்கும் நேரமும் சமமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். விற்பவரே ஆசிரியராகும் பள்ளிக்கூடத்தில் இந்தக் குறை இருந்தே தீரும்.

ஏஜெண்டின் நிலையும் எளிதன்று. அவர் கம்பெனியின் ஆள். நம்மைப் பற்றித் தமக்குத் தெரிந்த உடல்நலக் குறையையோ, வருமானத்தில் காணும் முரணையோ கம்பெனிக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அதே வேளையில், படிவத்தின் ஒவ்வொரு கேள்வியும் ஏன் கேட்கப்படுகிறது என்று நமக்கு விளக்கவும், இறப்புக்குப்பின் குடும்பம் தொகை பெற உதவவும் கடமைப்பட்டவர். இவ்விரண்டு கடமைகளுக்கும் நடுவே அவருடைய சொந்த வயிறும் இருக்கிறது. 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நெடுங்காலம் ஆயுள் பாலிசியின் முதலாண்டுப் பிரீமியத்தில் 100-க்கு 35 வரை கமிஷன், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் ஏழரை, அதற்குப்பின் ஐந்து. 2023 ஏப்ரல் முதல் இந்த உச்சவரம்பு போய், மொத்தச் செலவு வரம்புக்குள் கம்பெனிகளே கமிஷனைத் தீர்மானிக்கும் முறை வந்துள்ளது. கணக்கின் போக்கு வாசகருக்கு விளங்கும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய பாலிசியைப் பேணுவதைவிடப் புதியதொன்றை எழுதுவதே ஏஜெண்டுக்கு அதிக ஊதியம். "அதை விட்டுவிடுங்கள், இது அதைவிட நல்ல திட்டம்" என்ற அறிவுரை எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறிய இந்தக் கணக்குப் போதும். ஒழுக்கவிதி இதை அறிந்தே, பழைய பாலிசியைக் கைவிடச் செய்து மூன்றாண்டுக்குள் புதியது எடுக்க வற்புறுத்தலாகாது என்று விலக்கியிருக்கிறது. தொகை பெற்ற குடும்பத்திடம் பங்கு கேட்பதையும் அது விலக்கியிருக்கிறது. விதி எழுத வேண்டி நேர்ந்ததென்றால் அப்படியும் கேட்டவர்கள் உண்டு என்றே பொருள்.

பங்குச் சந்தையோடு இணைந்த யூலிப் பாலிசிகள் பரவிய நாட்களில் "மூன்றாண்டு கட்டினால் போதும்" என்ற வாசகம் எத்தனை வீடுகளில் ஒலித்தது! கட்டிய பணத்தில் எவ்வளவு கட்டணமாகக் கழிந்தது என்பது பின்னரே பலருக்குத் தெரிந்தது. 2010 செப்டம்பரில் ஆணையம் தலையிட்டுப் பூட்டுக்காலத்தை மூன்றிலிருந்து ஐந்தாண்டாக்கிக் கட்டணங்களுக்கும் வரம்பிட்டது. அந்த ஏஜெண்டுகள் அனைவரும் பொய்யர்கள் என்று நாம் கருதவில்லை. தாம் விற்ற பொருளைத் தாமே முழுதும் படித்தறியாதவர்களும் அவர்களுள் இருந்தனர் என்றே கருதுகிறோம். அறியாமையும் வஞ்சனையும் ஏமாந்தவருக்கு ஒரே விலைதான்.

மேலும், இத்தொழிலில் ஒருமுறை கற்றது பல நாள் நிற்பதில்லை. அண்மை ஆண்டுகளில் மாறியவற்றுள் சிலவற்றைக் கேளுங்கள். பாலிசி கைக்கு வந்தபின் பிடிக்காவிட்டால் திருப்பிக்கொடுக்கும் அவகாசம் முன்பு பொதுவாக 15 நாள். 2024-இல் அது 30 நாளாயிற்று. ஆரோக்கிய இன்ஷூரன்ஸில், எடுக்குமுன்பே இருந்த நோய்க்காகக் காத்திருக்கும் காலத்தின் உச்சவரம்பு 48 மாதத்திலிருந்து 36 ஆயிற்று. தொடர்ந்து எட்டாண்டு கட்டியவரின் கோரிக்கையை, மோசடி இருந்தாலன்றி, நோயை மறைத்தார் என்று தள்ளலாகாது என்றிருந்த விதி ஐந்தாண்டாகக் குறைந்தது. ஆயுள் பாலிசியை ஓராண்டிலேயே விட நேர்ந்தாலும் சிறிது தொகை திரும்பக் கிடைக்க 2024 அக்டோபர் முதல் வழி ஏற்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், ஆரோக்கியப் பாலிசிகளின் பிரீமியத்தின் மீதிருந்த சரக்கு-சேவை வரி நீங்கியது. 2012-இல் தேர்வெழுதி அதன்பின் புத்தகத்தைத் திறவாத ஏஜெண்டு ஒருவர் இவை ஒவ்வொன்றிலும் நமக்குத் தவறாகவே சொல்லக்கூடும். அதுவும் முழு மனச்சாட்சியோடு.

ஆகையால் கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். ஏஜெண்டின் விலாசச் சீட்டில் கிளப்புகளின் பெயர்கள் பொன்னெழுத்தில் மின்னும். அவை பெரும்பாலும் கொண்டுவந்த வணிகத்தின் அளவைக் காட்டும் பட்டங்கள். அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம், உழைப்பு உழைப்பே. நாம் விசாரிக்க வேண்டுவது வேறு. கடைசியாக எந்த வகுப்புக்குச் சென்றீர்கள்? இன்ஸ்டிட்யூட்டின் தேர்வுகளில் எதையேனும் எழுதினீர்களா? நீங்கள் எழுதிய பாலிசிகளில் ஓராண்டு கடந்தும் எத்தனை நிற்கின்றன, ஐந்தாண்டு கடந்தும் எத்தனை? கம்பெனிகள் 13-ஆம் மாத விகிதம், 61-ஆம் மாத விகிதம் என்று இக்கணக்கை வெளியிடுகின்றன. நல்ல ஏஜெண்டின் பாலிசிகள் நிற்கும். ஏனெனில் கட்ட முடியாதவருக்கு அவர் அவற்றை எழுதியிருக்க மாட்டார். இந்தப் பாலிசியில் உங்கள் கமிஷன் எவ்வளவு என்றும் கேட்கலாம். கேட்டால் சொல்ல வேண்டும் என்று ஒழுக்கவிதியே பணிக்கிறது. கேட்பதற்கு நமக்குக் கூச்சமாக இருக்கும். காப்பி கொடுத்த கையால் கணக்குக் கேட்பதா என்று தோன்றும். கற்றறிந்த ஏஜெண்டு இக்கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை; அவர் படித்த படிப்பை எவரேனும் மதித்துக் கேட்டார்களே என்று மகிழ்வார்.

நமது பக்கத்திலும் ஒரு கறை உண்டு. அதை மறைத்து ஏஜெண்டை மட்டும் பழிப்பது முறையன்று. "முதல் பிரீமியத்தை நீங்களே போட்டுவிடுங்கள்" என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கமிஷனில் பங்கு கொடுப்பதைப் போலவே வாங்குவதும் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி குற்றம். ஐந்நூறு ரூபாயாக இருந்த அபராத வரம்பு 2015-இல் பத்து லட்சமாயிற்று. தம் முதலாண்டு ஊதியத்தை நமக்கு விட்டுக்கொடுத்த ஏஜெண்டு அடுத்த ஆண்டு ஏன் நம் வீட்டுப்பக்கம் வருவதில்லை என்று வியப்பதில் பொருளில்லை. அதுபோலவே, சர்க்கரை நோயை எழுத வேண்டாம் என்று நாமே அவர் காதில் ஓதுவதும் உண்டு. ஆயுள் பாலிசி மூன்றாண்டைக் கடந்துவிட்டால் 45-ஆம் பிரிவின்படி அதை எக்காரணத்தாலும் கேள்விக்குள்ளாக்க முடியாது. ஆனால் அந்த மூன்றாண்டுக்குள் நேர்வதற்கு யார் பொறுப்பு?

மொழியைப் பற்றி ஒரு சொல். வெளியூரில் வாழும் நமக்கு இது தனிப்பட்ட இடர். பேச்சு தமிழில் நடக்கிறது, ஒப்பந்தம் ஆங்கிலத்தில் உறைகிறது. இரண்டுக்கும் இடையே நிற்கும் பாலம் ஏஜெண்டு ஒருவரே. படிவங்களை அரசியல் சட்டம் ஏற்ற மொழிகளில், சந்தர்ப்பத்துக்கேற்பத் தரலாம் என்று 2002-ஆம் ஆண்டு விதிகளே கூறின. ஆரோக்கியப் பாலிசியோடு தர வேண்டிய சுருக்கத் தகவல் தாளை, பாலிசிதாரர் விரும்பினால் வட்டார மொழியில் தர வேண்டும் என்பது 2024-இல் நடைமுறைக்கு வந்தது. ஏஜெண்டுத் தேர்வுக்குரிய பாடநூல் தமிழிலும் உண்டு. மராட்டியத்திலோ தில்லியிலோ வாழ்வதால் தமிழைக் கேட்கலாகாது என்பதில்லை. கிடைக்காவிட்டாலும் கேட்டது பதிவாகட்டும். நம் சங்கங்களும் இதில் கைகொடுக்கலாம். உறுப்பினர்களுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள் எத்தனையோ பேர் இருக்கின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை அவர்களையும் பாலிசிதாரர்களையும் ஒரே கூடத்தில் அமர்த்தி, அவ்வாண்டு மாறிய விதிகளைத் தமிழில் படித்து விளக்கச் செய்யலாம். செலவு பாய்விரிப்புக்கும் தேநீருக்கும் மேல் ஆகாது. அக்கூட்டத்தில் எவரும் பாலிசி விற்கலாகாது என்ற ஒரு கட்டுப்பாடு மட்டும் அவசியம்.

கையொப்பமிட்ட படிவத்தின் நகலைக் கம்பெனியிடமிருந்து கேட்டுப் பெற்றுப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். 30 நாள் அவகாசம் தீருமுன், ஆங்கிலம் நன்கறிந்த மகனோ மகளோ அதை ஒரு வரி விடாமல் படித்துச் சொல்லட்டும். தவறு தெரிந்தால் உடனே எழுத்தில் திருத்தம் கோருங்கள். பிரீமியத்தைக் கம்பெனியின் பெயருக்கே செலுத்தி ரசீது வாங்குங்கள். குறை நேர்ந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டால், அல்லது வந்த விடை திருப்தி தராவிட்டால், ஓம்புட்ஸ்மன் எனப்படும் குறைதீர்ப்பு அதிகாரியிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். மும்பை, தில்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், புனே முதலிய நகரங்களில் இவ்வதிகாரிகளின் அலுவலகங்கள் உண்டு. ஊரில் எடுத்த பாலிசிக்காகச் சென்னைக்குப் பயணப்பட வேண்டியதில்லை. தாம் குடியிருக்கும் இடத்துக்குரிய அலுவலகத்திலேயே மனுக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. 2023 முதல் 50 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகளை அவர்கள் ஏற்கின்றனர்.